மொபைல் பக்கத்தை லேப்டாப்பிலிருந்தே சோதிப்பது: எந்தக் கருவியை எப்போது எடுப்பது

“லேப்டாப்பில் பார்த்தேனே, சரியாகத்தான் இருந்தது.” வெப் வேலை பழக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அவர்கள் சொல்வது உண்மைதான், லேப்டாப்பில் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் போனைப் பிடித்திருப்பார்.

இதற்கான கருவிகள் ஏராளம், பெரும்பாலானவை இலவசம். புதியவர்கள் தடுமாறுவது வரிசையில். அகலத்தைச் சரிபார்ப்பதற்கு முன்பே, லேப்டாப்பில் ஓடும் பக்கத்தை இணையம் வழியே வெளியூர்க்காரருக்கும் திறந்துகாட்டும் டனல் போடுவார்கள். உண்மையான போனில் ஒருமுறைகூடத் திறக்காமல் வேக மதிப்பெண்ணைத் துரத்துவார்கள். நான் பல பக்கங்களில் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையைக் கீழே தருகிறேன். உதாரணத்துக்கு ஒரு பக்கத்தை வைத்துக்கொள்வோம்: தீபாவளிப் பலகாரத்துக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு சின்னப் பக்கம். மேலே படங்களுடன் பட்டியல், கீழே பெயர், போன் எண், முகவரி, கடைசியில் “ஆர்டரை உறுதிசெய்யுங்கள்” என்று ஒரு பட்டன்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு ஆண்ட்ராய்டு போன் வேண்டும். புதியதாக, விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் டிராயரில் கிடக்கும் நான்கைந்து வருடப் பழைய போன்தான் இந்த வேலைக்குச் சிறந்தது. உங்கள் பக்கம் எங்கே திணறும் என்பதை அது ஒளிக்காமல் காட்டும்.

டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களும் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. லேப்டாப்பில் செருகியதும் போனில் கோப்புப் பரிமாற்றம் பற்றிய அறிவிப்பு வந்தால் அது டேட்டா கேபிள். இதைச் சோதிக்காமல், போனை இணைக்கும் டிரைவர் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

லேப்டாப்பில் குரோமும் ஃபயர்பாக்ஸும் இருக்கட்டும். ஐபோன் சொந்தமாக இல்லையென்றால், யாரிடமாவது அரை மணி நேரம் இரவல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது படியில் தேவைப்படும்.

அப்புறம், பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் மெட்டா வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் உங்கள் பக்கத்தைப் பழைய கம்ப்யூட்டர் பக்கம் என்று எண்ணி, 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். எழுத்தெல்லாம் எறும்பு போல ஊரும். அந்த ஒரு வரியை மறந்துவிட்டு, எழுத்து அளவுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டிருப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

2. லோக்கல் சர்வரை எழுப்புங்கள்

கோப்பை இரட்டைக் கிளிக் செய்து பிரவுசரில் திறப்பது போதாது. அப்படித் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களைப் பிரவுசர் தடுத்துவிடும். சாய்கோட்டில் தொடங்கும் படப் பாதைகள் உங்கள் ஹார்டு டிஸ்கின் வேரில் போய்த் தேடும். போனால் அந்தக் கோப்பை எட்டவே முடியாது. எனவே சர்வர் ஒன்று ஓடியாக வேண்டும்.

எந்த சர்வர் என்பது பக்கத்தைப் பொறுத்தது. வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் என்றால் பைத்தானுடன் வரும் சாதாரண எச்டிடிபி சர்வரே போதும். 8000 போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் வாசல் எண்) எழும், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஆனால் கோப்பைச் சேமித்ததும் பக்கம் தானாகப் புதுப்பிக்காது. அது வேண்டுமென்றால் விஎஸ் கோடின் லைவ் சர்வர் நீட்சியை எடுங்கள். வழக்கமாக 5500 போர்ட்.

ரியாக்ட், வியூ போன்றவற்றில் எழுதுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் வீட் (Vite) என்ற டெவ் சர்வர், அதாவது எழுதும்போது ஓட்டும் சர்வர், ஏற்கெனவே இருக்கும், 5173 போர்ட்டில். அதற்கு மேல் இன்னொரு சர்வர் சேர்க்காதீர்கள்.

பிரவுசர்சிங்க் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு மூன்று போன்களில் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்தால், ஒன்றில் ஸ்க்ரோல் செய்யும்போது மற்றவையும் நகரும். ஒன்றில் படிவம் நிரப்பினால் மற்றவற்றிலும் நிரம்பும். பிஎச்பியில் ஓடும் பழைய தளத்தின் முன்னால் இடைத்தரகராகவும் அதை நிறுத்தலாம். வேர்ட்பிரஸ் வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு போன் வைத்திருப்பவருக்கு அவசியமில்லை.

சர்வர் எழுந்ததும் லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே சாதனம்’ என்று பொருள்படும் பெயர்) முகவரியைத் திறந்து, டெவலப்பர் கருவிகளில் பிழைகள் அச்சாகும் கன்சோலில் சிவப்பு வரி எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். லேப்டாப்பிலேயே உடைந்திருப்பதைப் போனில் போய்த் தேடினால் வேலை இரட்டிப்பாகும்.

3. பிரவுசரின் டிவைஸ் மோடில் அகலத்தை மட்டும் பாருங்கள்

ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கிப் பார்ப்பதை முதலில் விடுங்கள். கம்ப்யூட்டரில் குரோம் ஜன்னல் ஏறத்தாழ 500 பிக்சலுக்குக் கீழே சுருங்காது. உங்கள் வாசகரின் போனோ 360 பிக்சல் அகலம். அதோடு, ஜன்னலைச் சுருக்கும்போது வியூபோர்ட் வரி விடுபட்டதும் தெரியாது. டிவைஸ் மோடில் தெரியும்.

டெவலப்பர் கருவிகளைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இதே சுருக்குவழிதான். சாதனப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் மயங்க வேண்டாம். ‘ரெஸ்பான்சிவ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து 320, 360, 390, 412 என்று நான்கு அகலங்களைக் கையால் தட்டிப் பாருங்கள். பிறகு ஓரத்தைப் பிடித்து 320லிருந்து 800 வரை மெதுவாக இழுங்கள். எந்த இடத்தில் உடைகிறதோ அந்த இடம்தான் உங்கள் பிரேக்பாயின்ட், அதாவது தளவமைப்பை மாற்ற வேண்டிய அகலம். போன் மாடலைப் பார்த்து பிரேக்பாயின்ட் வைத்தால் அடுத்த வருட மாடல் வந்ததும் உடையும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்தப் படி கூடுதல் முக்கியம். “உறுதிசெய்யுங்கள்” என்பது ஒரே சொல். இடைவெளி இல்லாததால் பிரவுசர் அதை மடிக்காது. பட்டன் இரண்டு அருகருகே நிற்கும் வரிசையில் அது பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மொத்தப் பக்கமும் பக்கவாட்டில் ஆடும். ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்று வைத்து வடிவமைத்துவிட்டுக் கடைசி நாளில் தமிழை ஒட்டினால் இதுதான் நடக்கும். முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ்ச் சொற்களைப் போட்டு வடிவமையுங்கள். பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது பெரும்பாலும் போதுமான தீர்வு.

இன்னொன்று: டிவைஸ் மோட் ஐபோன் என்று சொன்னாலும் உள்ளே ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரின் குரோம்தான். விண்டோஸில் தமிழ் நிர்மலா எழுத்துருவில் தெரியும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ தமிழில் தெரியும். இரண்டின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. வரி உயரத்தை இறுக்கமாக வைத்திருந்தால், விண்டோஸில் முழுதாகத் தெரிந்த ‘கீ’யின் சுழி போனில் வெட்டுப்படலாம். கீபோர்ட் மேலே எழுவது, முகவரிப் பட்டை ஒளிவது, விரல் பருமன், போனின் உண்மையான வேகம், இவை எதுவும் இங்கே தெரியாது. எனவே அகலம் சரியானதும் இங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஃபயர்பாக்ஸிலும் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

4. கேபிளில் போனை இணைத்து ஆய்வுசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பலர் இதைக் கடினம் என்று தள்ளிவிட்டு வைஃபை வழிக்குப் போகிறார்கள். என் அனுபவத்தில் கேபிள்தான் சுலபம்.

போனின் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். சாம்சங்கில் அது சாஃப்ட்வேர் தகவல் என்ற உள்பக்கத்தில் இருக்கும். இப்போது டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற புதிய பகுதி தோன்றும். அதற்குள் யூஎஸ்பி டீபகிங்கை இயக்குங்கள்.

கேபிளைச் செருகுங்கள். போன் திரையில் இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். போன் பூட்டியிருந்தால் அந்தக் கேள்வி கண்ணில் படாது. ‘சாதனம் தெரியவில்லை’ என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம். திரையைத் திறந்துவைத்து அனுமதி கொடுங்கள்.

லேப்டாப் குரோமின் முகவரிப் பட்டையில் குரோம்://இன்ஸ்பெக்ட் என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். உங்கள் போனின் பெயர் வரும். அங்கே ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பட்டனை அழுத்தி, போர்ட் கட்டத்தில் உங்கள் சர்வரின் எண் (வீட் சர்வர் என்றால் 5173), எதிரே லோக்கல்ஹோஸ்ட்:5173 என்று எழுதி, கீழே உள்ள ‘இயக்கு’ கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அந்த டிக்கை மறப்பவர்கள் அதிகம். எதிரே 127.0.0.1 என்று எண்ணாக எழுதாமல் லோக்கல்ஹோஸ்ட் என்றே எழுதுவது நல்லது. வீட் போன்றவற்றை ஓட்டும் நோட் (Node.js) மென்பொருளின் புதிய பதிப்புகளில் சர்வர் ஐபிவி6 முகவரியில் மட்டும் எழுந்திருக்கக்கூடும், அப்போது அந்த எண் வேலை செய்யாது.

இனி போனின் குரோமில் லோக்கல்ஹோஸ்ட்:5173 என்று தட்டினால் லேப்டாப்பில் ஓடும் பக்கம் திறக்கும். லேப்டாப்பில் ‘இன்ஸ்பெக்ட்’ என்பதை அழுத்தினால் போனின் கன்சோல், நெட்வொர்க், எலிமென்ட்ஸ் எல்லாம் உங்கள் பெரிய திரையில் வரும். சிஎஸ்எஸ்ஸில் ஒரு எண்ணை மாற்றினால் போனில் உடனே மாறும். முதல்முறை பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டு நிறத்தை மாற்றி விளையாடுவார்கள், விடுங்கள். இன்ஸ்பெக்ட் ஜன்னல் வெள்ளையாக நின்றால், பக்கத்தில் இருக்கும் ‘ஃபால்பேக்’ இணைப்பை அழுத்துங்கள். போன் குரோமும் லேப்டாப் குரோமும் வேறு வேறு பதிப்பாக இருக்கும்போது அது உதவும்.

கேபிள் வழியை நான் முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கேமரா, இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடி, பக்கத்தைச் சேமித்துவைக்கக்கூடிய ஸ்கிரிப்ட்), கிளிப்போர்ட் போன்றவற்றைப் பிரவுசர் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே அனுமதிக்கும். எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டாலும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. போர்ட் ஃபார்வர்டிங்கில் போனும் லோக்கல்ஹோஸ்ட் என்றே நினைத்துக்கொள்வதால் எல்லாம் வேலை செய்யும். வைஃபை வழியில் செய்யாது.

ஃபயர்பாக்ஸிலும் இதேபோன்ற வசதி, அபவுட்:டீபகிங் என்ற முகவரியில் இருக்கிறது.

இரவல் போனாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: டீபகிங் இயங்கும்போது சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். திருப்பிக் கொடுக்கும் முன் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மளிகைக் கடையில் நின்றபடி உங்களுக்கு போன் வரும்.

5. வைஃபை வழி

கேபிள் ஒரு போனுக்கு. நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், அல்லது ஐபோனும் டேப்லெட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் வைஃபை.

முதலில் சர்வரை எல்லா நெட்வொர்க்குக்கும் திறக்க வேண்டும். வீட் இயல்பாக லேப்டாப்புக்குள் மட்டும் கேட்கும். தொடக்கக் கட்டளையில் ஹோஸ்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் 0.0.0.0 முகவரியில் எழுந்து, ‘நெட்வொர்க்’ என்று ஒரு முகவரியையும் அச்சிடும். பைத்தான் சர்வர் சும்மாவே எல்லாப் பக்கமும் கேட்கும்.

0.0.0.0 என்பதை அப்படியே போனில் தட்டாதீர்கள், அது சர்வருக்கான குறிப்பு. போனில் தட்ட வேண்டியது 192.168.1.23 போன்ற லேப்டாப்பின் முகவரி, பின்னால் போர்ட் எண். லேப்டாப்பில் டாக்கர், விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் இருந்தால் இரண்டு மூன்று முகவரிகள் தெரியும். 192.168.56.1 என்று இருப்பது பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸின் கற்பனை நெட்வொர்க். வைஃபை என்ற தலைப்பின் கீழ் இருப்பதை எடுங்கள்.

போனில் திறக்கவில்லையா? குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் மாற்றாமல் இந்த வரிசையில் பாருங்கள். அதே 192.168 முகவரியை லேப்டாப்பிலேயே தட்டுங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் சர்வர் இன்னும் உள்ளுக்குள் மட்டும் கேட்கிறது, ஹோஸ்ட் விருப்பம் சேரவில்லை. லேப்டாப்பில் திறந்து போனில் மட்டும் திறக்கவில்லை என்றால், தடுப்பது ஃபயர்வால் அல்லது வைஃபை.

ஃபயர்வால் என்றால் விண்டோஸில் அந்த வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருக்கும். வீட்டு வைஃபையாக இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். முதல்முறை நோட் ஓடியபோது வந்த அனுமதிக் கேள்விக்கு ‘கேன்சல்’ அழுத்தியிருந்தாலும் இதே கதைதான், ஃபயர்வால் பட்டியலில் போய் நோட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். லேப்டாப்பில் விபிஎன் ஓடினால் அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

வைஃபை என்றால்: விடுதி, அலுவலக விருந்தினர் நெட்வொர்க்குகளில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி பிரித்து வைத்திருப்பார்கள். அதை நீங்கள் மாற்ற முடியாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள், லேப்டாப்பின் புதிய முகவரியைப் பார்த்து அதே போனில் தட்டுங்கள். பக்கம் லேப்டாப்பிலிருந்து நேராகப் போனுக்குப் போவதால் அதற்கு டேட்டா செலவாகாது.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2க்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) சர்வர் ஓட்டுபவர்களுக்கு வைஃபை வழி இயல்பாகக் கிடைக்காது, அது தனி நெட்வொர்க்கில் இருக்கிறது. மிரர்டு நெட்வொர்க் முறைக்கு மாற்றலாம். என்னைக் கேட்டால், கேபிளுக்கே திரும்பிவிடுங்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் பலகாரப் பட்டியல் மட்டும் காலியாக இருக்கிறது. இது நான் அதிகம் பார்த்த தவறு. பட்டியலுக்கான தரவைத் தரும் ஏபிஐயின் முகவரியைக் கோடுக்குள் லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று நேராக எழுதிவைத்திருப்பார்கள். லேப்டாப்பில் அந்தச் சொல் லேப்டாப்பைக் குறிக்கும், போனில் போனையே குறிக்கும். போனுக்குள் ஏது சர்வர்? முழு முகவரிக்குப் பதிலாகச் சாய்கோட்டில் தொடங்கும் பாதையை எழுதி, டெவ் சர்வரின் ப்ராக்ஸி வசதியால் ஏபிஐக்குத் திருப்பிவிடுங்கள். வேறு முகவரியிலிருந்து தரவு எடுப்பதைப் பிரவுசர் தடுக்கும் கார்ஸ் பிழைகளும் இதோடு ஒழியும். கேபிள் வழியில் இருப்பவர்கள் 3000 போர்ட்டையும் ஃபார்வர்ட் செய்து சமாளிக்கலாம், ஆனால் கோடைத் திருத்துவதுதான் முறை.

6. ஐபோனில் பாருங்கள்

மேக் இருந்தால் வேலை எளிது. ஐபோனின் செட்டிங்ஸில் சஃபாரி, அட்வான்ஸ்டு பகுதிக்குள் வெப் இன்ஸ்பெக்டரை இயக்குங்கள். புதிய ஐஓஎஸ்ஸில் சஃபாரி, ‘ஆப்ஸ்’ என்ற பட்டியலுக்குள் இருக்கும். மேக்கின் சஃபாரியில் டெவலப்பர் வசதிகளைக் காட்டும் டிக்கை வைத்து, கேபிளில் இணைத்தால், டெவலப் மெனுவில் உங்கள் ஐபோன் வரும். எக்ஸ்கோடுடன் வரும் சிமுலேட்டரும் நல்லதே. லோக்கல்ஹோஸ்ட் அதில் நேராகத் திறக்கும். ஆனால் வேகம் மேக்கின் வேகம், அதை நம்ப வேண்டாம்.

மேக் இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முதலில் பிளேரைட் என்ற பிரவுசர் சோதனைக் கருவி. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் எஞ்சினை ஓட்டும். சஃபாரி அப்படியே இல்லை என்றாலும் சிஎஸ்எஸ் வேறுபாடுகளைப் பெரும்பாலும் பிடித்துவிடும். அடுத்து, இரவல் ஐபோனில் வைஃபை வழியே திறந்து, பக்கத்தில் எருடா என்ற சின்ன ஸ்கிரிப்ட்டைச் சேர்த்தால், போன் திரையிலேயே ஒரு கன்சோல் வரும். விரலால் திறந்து பிழைச் செய்தியைப் படிக்கலாம். இவை போதாமல் வாடிக்கையாளர் குறிப்பிட்ட ஒரு மாடலைச் சொல்லிப் புகார் செய்தால் மட்டும் பிரவுசர்ஸ்டாக் போன்ற கட்டணச் சேவையில் உண்மையான சாதனத்தை வாடகைக்கு எடுங்கள். அதற்கு முன் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஐபோனில் நான் நேராகப் போய்ப் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று, உள்ளீட்டுக் கட்டம். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், தொட்டதும் சஃபாரி பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், பிறகு தானாகச் சுருங்காது. எங்கள் பலகாரப் பக்கத்தில் போன் எண் கட்டம் 14ல் இருந்தது. தட்டியதும் பாதிப் படிவம் திரைக்கு வெளியே போயிற்று. 16 ஆக்கியதும் சரியானது. பெரிதாக்குவதையே வியூபோர்ட்டில் தடை செய்யச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், கண் பார்வை குறைந்தவர்களுக்கு அது கதவைச் சாத்துவது போல.

இரண்டு, 100 விஎச் உயரம், அதாவது சிஎஸ்எஸ்ஸில் முழுத் திரை உயரம் என்று எழுதுவது. முகவரிப் பட்டை தெரியும்போது அந்த உயரம் திரையைவிடப் பெரிது, அதனால் கீழே ஒட்டிவைத்த பட்டன் பட்டைக்கு அடியில் போய்விடும். ஆண்ட்ராய்டிலும் இதே தொல்லை உண்டு. டிவிஎச், எஸ்விஎச் என்ற புதிய அலகுகள் இதற்காகவே வந்தவை. சஃபாரி 15.4, குரோம் 108 முதல் வேலை செய்கின்றன. பழைய போன்களுக்காக முதல் வரியில் விஎச், அடுத்த வரியில் டிவிஎச் என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு எமுலேட்டரைப் பற்றி ஒரு வரி: போனே இல்லாதவர்களுக்கு மட்டும். லேப்டாப்பின் நினைவகத்தை விழுங்கும். அதற்குள் லேப்டாப்பின் முகவரி 10.0.2.2 என்பதை மறக்காதீர்கள்.

7. வெளியூரில் இருப்பவருக்குக் காட்ட டனல்

இதுவரை டனல் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் வேறு ஊரில் இருக்கிறார், அவர் போனில் பார்க்க வேண்டும். அல்லது பேமென்ட் சேவை ஒன்று உங்கள் சர்வரை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். டனல் அதற்குத்தான். எச்டிடிபிஎஸ் முகவரி கிடைப்பது கூடுதல் லாபம், ஐபோனில் கேமரா சோதிக்க அது உதவும்.

க்ளவுட்ஃபிளேரின் அவசர டனலுக்குக் கணக்கே வேண்டாம், ஒரே கட்டளையில் தற்காலிக முகவரி தரும். கடைக்காரருக்கு அரை மணி நேரம் காட்ட நான் இதைத்தான் எடுப்பேன். என்கிராக்கில் கணக்குத் திறந்து டோக்கன் சேர்க்க வேண்டும். வந்துபோகும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க அதில் வசதி இருப்பதால் பேமென்ட் வெப்ஹுக் (பேமென்ட் சேவை உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவல்) சோதிக்க நல்லது. இலவசத் திட்டத்தில் முதலில் ஒரு எச்சரிக்கைப் பக்கம் வரும். அதைப் பார்த்துக் கடைக்காரர் பயந்து மூடிவிடாதபடி முன்பே சொல்லிவையுங்கள். விஎஸ் கோடுக்குள்ளேயே ‘போர்ட்ஸ்’ பகுதியில் இருக்கும் டனல் இயல்பாகத் தனிப்பட்டதாக இருக்கும். மற்றவர் பார்க்க ‘பப்ளிக்’ ஆக்க வேண்டும்.

டனல் முகவரியைத் திறந்ததும் ‘இந்த ஹோஸ்ட்டுக்கு அனுமதியில்லை’ என்று வீட் சொன்னால் அது பழுதல்ல. தெரியாத பெயரில் வரும் கோரிக்கைகளைப் புதிய பதிப்புகள் தடுக்கின்றன. அமைப்புக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட்கள் பட்டியலில் அந்தப் பெயரைச் சேருங்கள். எல்லாவற்றையும் அனுமதி என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

டனல் திறந்திருக்கும்வரை உங்கள் லேப்டாப்பின் ஒரு கதவு இணையத்துக்குத் திறந்திருக்கிறது. வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், எண்கள் உள்ள டேட்டாபேஸோடு திறக்காதீர்கள்.

8. வேகத்தை அளப்பது

டெவ் சர்வரில், குரோமின் வேக அளவீட்டுக் கருவியான லைட்ஹவுஸை ஓட்டிவிட்டு, மதிப்பெண் 30 என்று அலறிக்கொண்டு வருவார்கள். டெவ் சர்வர் கோப்புகளைச் சுருக்காமல், நூற்றுக்கணக்கான துண்டுகளாக அனுப்பும். அதை அளப்பதில் பொருளில்லை. முதலில் பில்ட் (வெளியிடுவதற்காகச் சுருக்கிய கோப்புகள்) எடுத்து, முன்னோட்ட சர்வரில் ஓட்டுங்கள், வீட் (Vite) என்றால் அது 4173 போர்ட். அதற்குப் பிறகு, நீட்சிகள் குறுக்கிடாதபடி மறை ஜன்னலில் அளவெடுங்கள்.

லைட்ஹவுஸின் மொபைல் அளவீடு விநாடிக்கு 1.6 மெகாபிட், 150 மில்லிவிநாடித் தாமதம், நான்கு மடங்கு மந்தமான பிராசசர் என்ற கணக்கில் ஓடுகிறது. நான்கு மடங்கு என்பது உங்கள் லேப்டாப்பின் வேகத்திலிருந்து. வேகமான லேப்டாப் என்றால் முடிவும் தாராளமாக வரும். அதனால் மதிப்பெண்ணைவிட முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கே அதைப் பயன்படுத்துகிறேன்.

பழைய போனைக் கேபிளில் இணைத்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பதிவுசெய்வது இதைவிட நம்பகமானது. முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் திரை பதில் சொல்ல வேண்டும், தளவமைப்பு நகர்வு 0.1க்குள் இருக்க வேண்டும். கூகுள் ‘நல்லது’ என்று வைத்திருக்கும் எல்லைகள் இவை. எங்கள் பக்கம் மூன்றாவதில் தோற்றது. பலகாரப் படங்களுக்கு அகல உயரம் எழுதாததால், படம் வந்து விழும்போதெல்லாம் பட்டியல் கீழே குதித்தது. அதிரசத்தைத் தட்டப்போன விரல் முறுக்கில் விழுந்தது.

9. கையால் ஒரு முழுச் சுற்று

கருவிகளை மூடிவிட்டு, போனை மட்டும் கையில் எடுத்து ஒரு ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை போடுங்கள். கட்டைவிரலால் மட்டும்.

கீபோர்ட் எழும்போது பட்டன் எங்கே போகிறது என்று பாருங்கள். போன் எண் கட்டத்தில் எண் கீபோர்ட் வருகிறதா பாருங்கள். முகவரியைத் தமிழில், உங்கள் வழக்கமான தமிழ் கீபோர்டில் தட்டுங்கள். ஆண்ட்ராய்டில் திரைக் கீபோர்டுகள் பெரும்பாலும் எந்த எழுத்து அழுத்தப்பட்டது என்பதை, விசையை அழுத்தியதும் எழும் கீடவுன் நிகழ்வில் சொல்லாது, 229 என்ற பொது எண்ணையே அனுப்பும். கீடவுனை நம்பி எழுத்து எண்ணிக்கையோ தேடலோ எழுதியிருந்தால் லேப்டாப்பில் ஓடும், போனில் ஓடாது. கட்டத்தில் எழுத்து மாறியதும் எழும் இன்புட் நிகழ்வுக்கு மாற்றுங்கள்.

போனின் எழுத்தளவை செட்டிங்ஸில் பெரிதாக்கிவிட்டு மறுபடி திறங்கள். நம் அப்பா அம்மா போன்கள் அப்படித்தான் இருக்கின்றன. போனைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். பாதி நிரப்பியபோது பேக் அழுத்துங்கள். ஏரோபிளேன் மோட் போட்டு ‘உறுதிசெய்யுங்கள்’ தட்டுங்கள். ஒன்றுமே நடக்காமல் நின்றால் அங்கே ஒரு செய்தி எழுத வேண்டியிருக்கிறது.

திருத்திய பிறகும் போனில் பழைய பக்கமே வந்தால் கேஷ் அல்லது பழைய சர்வீஸ் வொர்க்கர். நெட்வொர்க் பகுதியில் ‘டிசேபிள் கேஷ்’ டிக், ஆய்வு ஜன்னல் திறந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். சர்வீஸ் வொர்க்கரை அப்ளிகேஷன் பகுதியில் போய் நீக்குங்கள்.

10. எழுந்துபோகும் முன்

டனலை நிறுத்துங்கள். எருடா வரியைக் கோடிலிருந்து எடுங்கள், வெளியீட்டில் அது போய்ச் சேர்ந்த தளங்களை நான் பார்த்திருக்கிறேன், மூலையில் ஒரு பல்சக்கர ஐகான் தொங்கிக்கொண்டிருக்கும். அனுமதி ஹோஸ்ட் பட்டியலிலிருந்து தற்காலிகப் பெயரை நீக்குங்கள். போனில் யூஎஸ்பி டீபகிங்கை அணைத்து, எழுத்தளவைப் பழையபடி வைத்து, உரியவரிடம் கொடுங்கள்.